அவரைப் பந்தலின் நாலாவது கால்

காசம்மாளின் கொல்லையைக் கொல்லை என்று சொன்னால் மற்ற கொல்லைகள் கோபித்துக்கொள்ளும். குடிசையின் பின்சுவரிலிருந்து வாய்க்கால் வரப்பு வரை எட்டு எட்டு, வேலிக்கும் வேலிக்கும் நடுவே பன்னிரண்டு எட்டு, அவ்வளவுதான். அதுவும் அவள் குட்டைக் காலால் அளந்தது. அவள் புருஷன் இருசப்பன் நடந்தால் இன்னும் குறையும். அந்த இடத்துக்குள் தன் வீட்டுக் குழம்புக்குக் காயும், பெரிய வீட்டு அம்மாவின் கொண்டைக்குப் பூவும் விளைந்தே தீர வேண்டும் என்று அந்த வருஷம் ஆனி மாதத்தில் அவள் முடிவு கட்டினாள்.

ஆசையால் வந்த முடிவு இல்லை. பயத்தால் வந்தது.

குடிசை அவர்களுடையது. அது நிற்கிற மண் ஆண்டை சிங்காரவேலுவுடையது. பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நல்ல நிலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்த மனுஷர் அவர். நெல்லோடு நில்லாமல் கரும்பும் போட ஆரம்பித்திருந்தார். கரும்பு வந்தால் ஆலை வேண்டும், வெல்லம் காய்ச்சக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்கு வாய்க்கால் பக்கத்தில் மேடான இடம் வேண்டும். வாய்க்கால் பக்கத்தில் மேடாக இருந்ததோ காசம்மாளின் குடிசை. போன வருஷம் களத்தைப் பெரிதாக்க மூன்று குடும்பங்களைக் கிளப்பி ஏரிக்கரைப் பள்ளத்தில் குடிவைத்தார்கள். கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் அவர்கள் அடுப்புக்குள் தவளை கத்தியது. ஒருத்தியின் கைக்குழந்தை சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது.

"வர்ற பொங்கலுக்குள்ள எடம் பாத்து முடிவு பண்ணிடுவாரு" என்று பண்ணைக் காரியஸ்தர் நடேசன் ஒருநாள் வரப்பில் நின்று காதில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து காசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் மெழுகின தரை. ஒரே மகள் அமுதம் பிறந்ததும், பெரியவளானதும், திருக்கனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனதும் அந்தத் தரையிலிருந்துதான்.

சிங்காரவேலுவிடம் யாரும் பேச முடியாது. ஆனால் அவர் மனைவி கனகாம்பாள் பேசினால் கேட்பார். கனகாம்பாளுக்கோ பூவென்றால் உயிர், பிஞ்சுக் காயென்றால் அதைவிட. அவள் வீட்டில் முன்னால் நெல் காயும் களம், பின்னால் மாட்டுக் கொட்டில். ஒரு துளசிக்குக்கூட இடமில்லை. தினமும் பூவும் காயும் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அம்மாள் மனசு இளகும் என்பது காசம்மாளின் கணக்கு. சேரிக் கொல்லையில் பூத்த பூவை அவள் சூடுவாளா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வாள். தெளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது பண்ணையாட்களுக்கானது. "செடி வெச்சிக்க, கொடி வுட்டுக்க. மரம் மட்டும் வெக்காத." பண்ணை மண்ணில் குடியிருக்கிற யாரும் மரம் நடக் கூடாது. ஏனென்றால் பக்கத்துச் சேரியில் ஆதிமூலம் என்பவனை அவன் முதலாளி கிளப்பப் பார்த்தபோது, அவன் வாசலில் அப்பன் வைத்த புளியமரம் நின்றது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, மரம் வைத்தவன் குடி அந்த மரத்தடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆதிமூலம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். அதற்குப் பிறகு ஏரிப் பாசனம் முழுக்க எந்த முதலாளியும் தன் ஆட்களை ஒரு முருங்கைக் குச்சிகூட நடவிடுவதில்லை.

எது செடி, எது மரம் என்று யார் சொல்வது? நடேசன்தான். அவர் தலைக்கு மேல் வளர்ந்தால் மரம். நடேசனோ ஆள் குள்ளம். கொஞ்சம் உயரமான ஆளாகப் பார்த்து ஆண்டை வேலைக்கு வைத்திருந்தால் சேரிக்கு ஒரு கறிவேப்பிலையாவது கிடைத்திருக்கும் என்று பெண்கள் நாற்று நடும்போது சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆக, தலைக்கு மேல் போகாத தோட்டம். காசம்மாள் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து கொல்லையில் கோடு போட்டாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற பக்கம் சேம்பு. குளிக்கிற கல்லைச் சுற்றி மஞ்சள். வெயில் நாளெல்லாம் விழுகிற மேற்கே கத்தரியும் மிளகாயும். வேலி மேல் பாகல். கூரை மேல் பூசணி. வாசலிலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி சாமந்தி ஒரு வரிசை, கோழிக்கொண்டை ஒரு வரிசை, மருக்கொழுந்து ஒரு பாத்தி. நடுவில் அவரைப் பந்தல். அவரை கனகாம்பாளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

காலையில் போட்ட கோடு சாயங்காலம் சரியில்லை என்று தோன்றும். அழித்து மறுபடி போடுவாள். இருசப்பன் வயலிலிருந்து வந்து சாம்பல் கோட்டை மிதித்துக்கொண்டு போவான்.

"யோவ், மெளகாப் பாத்தி மேல நிக்கிற!"

"எங்க மெளகா?"

"வரப் போவுது, தள்ளி நில்லு."

அவன் தள்ளி நிற்பான். இருசப்பன் யார் சொன்னாலும் தள்ளி நிற்கிறவன். பண்ணைக்கு மடை திறந்து நீர் பாய்ச்சுகிற வேலை அவனுடையது. இருபது வருஷத்தில் ஆண்டை முன்னால் அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. காசம்மாளுக்கு அதில் உள்ளூர எரிச்சல்தான். இந்த மனுஷனுக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைப்பாள்.

ஆடியில் விதை போட்டாள். ஆவணியில் அவரை கொடி வீசியது. பந்தலுக்கு நாலு கால் வேண்டும் என்றாள். சவுக்குக் கழி வேண்டுமானால் கடலோரம் போக வேண்டும், இருசப்பன் போகவில்லை. அவள் நடவுக்குப் போயிருந்த ஒரு நாளில் வாய்க்கால் கரையிலிருந்த பூவரசில் மணிக்கட்டுப் பருமனில் நாலு கிளை வெட்டி வந்து, நட்டு, மேலே மூங்கில் பிளாச்சும் கயிறும் போட்டு முடித்திருந்தான். திரும்பி வந்து பார்த்தவளுக்குச் சந்தோஷம். நாலு காலும் நிமிர்ந்து நின்றன. அவள் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை.

"பரவால்லியே, ஆம்பளை செஞ்ச வேலையாட்டம் இருக்குது" என்றாள். அவன் குனிந்து மண்வெட்டியைக் கழுவினான்.

ஐப்பசி மழை பிடித்தது. கொல்லை பச்சைப் பசேல் என்று எழுந்தது. காசம்மாள் தினமும் விடிந்ததும் முறத்தில் வாழையிலை விரித்து, கத்தரிப்பிஞ்சு ஒரு பக்கம், சாமந்தி ஒரு பக்கம் வைத்துப் பெரிய வீட்டுக் கொட்டில் ஓரம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். கனகாம்பாள் தண்ணீர் தெளித்து எடுத்துப்போவாள். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் அவள் தானாகவே சொன்னாள்.

"காசம்மா, கொட்டாயி வேற எடத்துல போடலாம்னு அவருகிட்ட சொல்லிட்டேன். இந்தப் பூவு எனக்கு யாரு குடுப்பா? நீ பயப்படாத."

காசம்மாள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

மார்கழியில், பனி சொட்டச் சொட்ட அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அவரையிலை மூன்று மூன்றாக இருக்கும். அந்த மூன்றுகளுக்கு நடுவே ஒற்றையாக, அகலமாக, வெற்றிலை போல நாலைந்து இலை பளபளத்தது. கொடியை விலக்கிப் பார்த்தாள். வாய்க்கால் பக்கத்துக் கால் தளிர்விட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

பந்தக்கால் நடுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. பச்சைக் கொம்பை அடிப்பக்கம் மண்ணில் வைத்து நட்டால் வேர்விடும். நுனியை மண்ணில் வைத்துத் தலைகீழாக நட்டால் காய்ந்து நிற்கும். மரம் கூடாத பண்ணையில் எல்லாரும் தலைகீழாகத்தான் நடுவார்கள். மற்ற மூன்று காலும் காய்ந்து, பட்டை உரிந்து நின்றன. இது ஒன்று மட்டும் நேராக நின்று துளிர்த்திருந்தது.

"அவசரத்துல ஒண்ண மாத்தி நட்டுட்டியேய்யா" என்று அன்று சாயங்காலம் அவனைப் பிடித்தாள். "இப்பவே புடுங்கிப் போடு."

இருசப்பன் அந்தக் காலைப் பார்த்தான். "காயி முடியட்டும். இப்பப் புடுங்கினா பந்தல் சாஞ்சிடும்."

"நடேசன் பாத்தாரு, நம்ம வூடு சாஞ்சிடும்."

"இன்னும் ஒரு மாசந்தான்."

அவரை அப்போதுதான் சடைசடையாகக் காய்த்திருந்தது. பந்தல் சாய்ந்தால் முறம் காலியாகும், முறம் காலியானால் கனகாம்பாள் வாக்கும் காலியாகலாம். காசம்மாள் அரை மனசாக ஒத்துக்கொண்டாள். ஆனால் தினமும் காலையில் அந்தத் தளிரை நகத்தால் கிள்ளி அடுப்பில் போட்டாள். கிள்ளக் கிள்ள அது இரண்டாக வெடித்தது. பிள்ளையைக் கிள்ளுவது போலத்தான் இருந்தது, பாவம். கிள்ளாமலும் இருக்க முடியவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நடேசன் அளவுக் கயிற்றோடு வந்தார். கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று முடிவாகிவிட்டது. அதை அளக்க இந்தப் பக்கம் கயிற்றின் நுனியைக் கட்ட ஏதாவது வேண்டும். வேலியைத் தாண்டி வந்து பந்தக்காலில் கட்டினார். ஒரு காலில் கட்டி இழுத்தார், அசைந்தது. இன்னொன்றில் கட்டினார், அதுவும் அசைந்தது. வாய்க்கால் பக்கத்துக் காலில் கட்டித் தம் கட்டி இழுத்தார். அது அசையவேயில்லை.

நடேசன் கயிற்றைக் கீழே போட்டார். பந்தலுக்கடியில் நுழைந்தார். கொடியை விலக்கினார். கிள்ளின காயங்களையும், அதற்குக் கீழே அன்று காலை வந்த புதுத் தளிரையும் விரலால் தடவினார்.

"கிள்ளிக் கிள்ளி மறைச்சிருக்கியாடி" என்றார்.

காசம்மாள் விலகின கொடியை இழுத்து மூடப் பார்த்தாள்.

மத்தியானம் களத்தில் கூப்பிட்டார்கள். போர் அடித்து முடித்த ஆட்கள் முப்பது பேர் நின்றிருந்தார்கள். சிங்காரவேலு நாற்காலியில் இருந்தார். கனகாம்பாள் உள்ளே கதவோரம் நின்றாள், வெளியே வரவில்லை. இருசப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

"ஆதிமூலம் ஆவலாம்னு பாத்தியாடா?" என்று சிங்காரவேலு மெதுவாகத்தான் கேட்டார். அவர் கத்தினால்கூடத் தேவலை. "புளி வெச்சா தெரிஞ்சிடும்னு பூவரசு வெச்சியா? அவரைக்குள்ள ஒளிச்சி? பொங்கல் கழிச்சி வூட்டப் பிரிச்சிகினு ஏரிக்கரைக்குப் போயிடு. கொட்டாயி அங்கியே வரட்டும்."

இருசப்பன் வாயைத் திறந்தான். அவன் எதையோ சொல்லப் போகிறான் என்று காசம்மாளுக்குப் பட்டது. இந்த மனுஷன் ஏதாவது உளறி இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் கெடுத்துவிடுவான் என்று பயந்து, அவள் முந்திக்கொண்டாள். தடால் என்று தரையில் விழுந்தாள்.

"ஆண்டே! அந்த மனுசனுக்கு அவ்ளோ புத்தி இருந்தா நான் ஏன் ஆண்டே இப்பிடி இருக்கேன்? அதுக்கு அடியும் தெரியாது, நுனியும் தெரியாது. கல்யாணத்துல தாலிய என் கழுத்துல கட்டறதுக்குப் பதிலா நாத்தனாருகிட்ட நீட்டின ஆளு. வேட்டிய உள்புறம் வெளியில கட்டிகினு வயலுக்குப் போற ஆளு. நாலு குச்சி நடச் சொன்னேன், அதுல ஒண்ண மாத்தி நட்டுட்டு வந்து நிக்குது. இதப் போயி ஆதிமூலத்தோட சேத்து வெக்கிறீங்களே, ஆதிமூலம் கேட்டாலே கோச்சிக்குவான்!"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு இன்னொருவன். நடேசன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். சிங்காரவேலுவின் மீசை அசைந்தது. காசம்மாள் விடவில்லை. இல்லாததும் பொல்லாததுமாக அடுக்கினாள். மடையைத் திறக்கப் போய் அடைத்துவிட்டு வந்த கதை, சொந்த மகள் பெயர் மறந்த கதை. எல்லாம் அந்த நிமிஷத்தில் பிறந்த கதைகள். களம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. இருசப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

சிங்காரவேலு கை காட்டியதும் சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் கிடந்த பச்சைக் கொம்பு ஒன்றை எடுத்து வரச் சொன்னார். கிளையெல்லாம் கழித்த பூவரசங் கொம்பு. ஒரு முனை சற்றுப் பருமன், ஒரு முனை சற்று மெல்லிசு. கணு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கண் தெரியாதவன் தடவிப் பார்த்தாலே சொல்லிவிடுவான். அதை இருசப்பன் கையில் கொடுத்தார்.

"இதுல எதுடா அடி?"

இருசப்பன் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருதரம் கணுவைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு தரையில் கிடந்த காசம்மாளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் கொம்பை உயர்த்தி மெல்லிசு முனையைத் தொட்டுக் காட்டினான்.

"இதுங்க ஆண்டே."

களம் வெடித்தது. சிங்காரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே கனகாம்பாள் சிரிப்பதும் கேட்டது. "போடா போ, போயி அதப் புடுங்கிப் போட்டுட்டு வூட்டுலயே கெட" என்று சொல்லிவிட்டார். காசம்மாள் அவர் கால் இருந்த பக்கம் மறுபடியும் விழுந்து எழுந்தாள். வீடு நின்றது. அவள் ஜெயித்துவிட்டாள். சேரிப் பெண்கள் வழி நெடுக அவள் தோளைத் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

இருசப்பன் அவர்களுக்குப் பின்னால் வந்தான். வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். காசம்மாள் ஒரு சொம்பு தண்ணீரோடு பின்னால் போனாள். அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று இருந்தது.

"கோச்சிக்காதய்யா. வேற வழி தெரியல. நல்ல வேள, நீயும் சரியா நுனியக் காட்டின."

அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். மேல்மண் போனதும் உள்ளே கருப்பாக வேறு மண் வந்தது. ஏரி வண்டல். அவர்கள் கொல்லையில் அப்படி மண்ணே கிடையாது. அதற்கும் கீழே மக்கின எரு, ஒரு கூடை இருக்கும். மூன்று காலுக்கு முழங்கை ஆழம் குழி; இதற்கு மட்டும் இடுப்பு ஆழம். வேர் வெள்ளை வெளேர் என்று நாலாபுறமும் ஓடியிருந்தது. ஒன்று குடிசைச் சுவருக்கு அடியில் போயிருந்தது.

காசம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் குனிந்து பார்த்தாள்.

"மாத்தி நடலியா நீ?"

"மூணத் தலகீழாத்தான் நட்டேன்" என்றான் இருசப்பன். குழியைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. "இது ஒண்ண நேரா நட்டேன். நீ நடவுக்குப் போன அன்னிக்கி ஏரியிலேருந்து நாலு நடை மண்ணு தூக்கியாந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா புடுங்கியிருப்ப."

பிடுங்கித்தான் இருப்பாள்.

"களத்துல அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்" என்றான். "தெரிஞ்சிதான் ஆண்டே நட்டேன்னு. பதினெட்டு வருசம் இருந்த எடம், ஒரு மரம் வெச்சா இன்னா தப்புன்னு. நாலு மாசமா வயல்ல தனியாச் சொல்லிச் சொல்லிப் பாத்துகினு இருந்தேன். நீ வுழுந்துட்ட."

வேரை அவன் அறுக்கவில்லை. ஒவ்வொன்றாக மண்ணைத் தள்ளி விடுவித்து, முழுசாக எடுத்து வாய்க்காலில் விட்டான். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. காசம்மாள் ராத்திரி முழுக்க அழுதாள். வீடு போய்விடுமோ என்று அழுத அழுகை இல்லை இது. அதற்கு யார் காலிலாவது விழலாம், இதற்கு யார் காலில் விழுவது?

மறுநாளிலிருந்து வயலில் அவனுக்கு நுனியப்பன் என்று பெயர். மடை திறக்கப் போனால், "பாத்து, அடைச்சிடப் போற" என்பார்கள். நேற்றுவரை அவன் வாயைப் பார்த்து நின்ற சின்ன ஆட்கள்கூட மண்வெட்டியை நீட்டி, "எதுண்ணே காம்பு?" என்பார்கள். அவனும் லேசாகச் சிரித்துக்கொண்டு போய்விடுவான். காசம்மாள் சொன்ன பொய்க் கதைகள் ஒவ்வொன்றும் இரண்டாகக் குட்டி போட்டுத் திரும்பி வந்தன. அதெல்லாம் பொய் என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் வீடு போய்விடும்.

மாசி பிறந்து புதுச்சேரியிலிருந்து ஆண்டையின் சிநேகிதர்கள் மோட்டாரில் வந்தார்கள். ஒரு வக்கீலும், தொப்பி வைத்த இன்னும் இரண்டு பேரும். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம். நடேசன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"இருசப்பா, ஆண்ட கூப்புடறாரு. அந்தக் கொம்பு வெளையாட்ட வந்தவங்க பாக்கணுமாம். சீக்கிரம் வா."

காசம்மாள் சாமந்திப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இருசப்பன் கூரையில் கிடந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டினான். வாசல் வரை போனவன் நின்று திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை. வேலைக்குப் போகிறவன் எந்தக் கழனிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டான்.

"இன்னிக்கும் நுனியத்தான காட்டணும்?"

அவளுக்கு அவனைப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அடியைக் காட்டு, வருவது வரட்டும், ஏரிக்கரையில் தவளையோடு இருந்துகொள்ளலாம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நடேசன் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா" என்றாள் காசம்மாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.